ஈர மணலில் விரித்த ஜமுக்காளம்

மலையில் உப்பு தீர்ந்துபோனதால்தான் நாங்கள் கடலுக்குப் போனோம்.

ஜப்பான்காரன் வந்து இரண்டாம் வருஷம். கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை போய், பங்களாவில் ஜப்பான் துரை குடியிருந்தார். அரிசி அளந்து கொடுத்தது பாதி வயிற்றுக்குக் கூடக் காணவில்லை. மீதிக்கு மரவள்ளிக்கிழங்கு. உப்பில்லாமல் அதைத் தின்று தின்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்களுக்கு நாக்கே மரத்துப்போயிற்று.

ரிங்லெட்டில் மளிகைக் கடை வைத்திருந்த பஷீர், லூமுட் கடற்கரைக்கு லாரி விட்டால் உப்பும் கருவாடும் ஏற்றி வரலாம் என்று துரையிடம் சொன்னார். சரக்கு சேர ஒரு நாள் ஆகும், அதுவரை லாரி அங்கே நிற்க வேண்டும். துரை யோசித்தார். கொழுந்து அதிகமாக எடுத்த ஆட்களைக் குடும்பத்தோடு லாரியில் கூட்டிப்போய்க் கடலைக் காட்டி வரச் சொன்னார். அவருடைய ஊரில் வெயில் காலத்தில் எல்லோரும் கடலுக்குப் போவார்களாம். அதை விளக்க ஆபீசில் நின்றபடியே இரண்டு கைகளையும் வீசி நீந்திக் காட்டினார். ஒரு துரை அப்படிச் செய்வது எனக்கு முறையாகப் படவில்லை. தலை குனிந்து நின்றேன்.

நான் அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி. என் ஆட்கள் போனால் நானும் போயாக வேண்டும். வெளியே வந்ததும் பஷீர் என்னை ஓரமாக அழைத்தார்.

"தங்கையா அண்ணே, லூமுட் பக்கத்துல தென்னந்தோட்டத்துக் கங்காணி மாடசாமின்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா? அவரு மகன் செல்லையா. நல்ல பையன். நம்ம சீதாவுக்குன்னு நான் வாய் விட்டுட்டேன்."

"வாய் விட்டுட்டீங்களா?"

"லேசாத்தான் விட்டேன். அவங்க கடற்கரைக்கே வந்து பொண்ணைப் பாக்கிறோம்னாங்க. இனிமே இந்த மாதிரி எறங்கிப் போய்வர பாஸ் கெடைக்காதுலா. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க அதிகம் இருக்கவில்லை. ரோட்டில் சிப்பாய் லாரிகள் போய்வந்த காலம் அது. வயது வந்த பெண்ணை வைத்திருந்தவர்கள் பயத்தில் கிடைத்தவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். எனக்கும் அப்படிக் கேட்டு வந்தார்கள். எல்லோரையும் திருப்பி அனுப்பினேன். ஆனால் என் மகள் சீதாவை எத்தனை நாள் வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது? மாடசாமியின் வம்சம் எனக்குத் தெரியும், எங்களோடு கொண்டு கொடுத்த வம்சம்தான். இந்த ஒரு நாளை விட்டால் அவர்கள் மலையேறி வரவும் முடியாது, நாங்கள் இறங்கிப் போகவும் முடியாது.

என் மனைவி மணியம்மாவிடம் வெற்றிலைத் தட்டுகளை எடுத்து வைக்கச் சொன்னேன்.

தட்டு விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு முறை உண்டு. பெண் வீட்டார் வைத்த தட்டைப் பெண் வீட்டுக் கை திரும்ப எடுக்கக் கூடாது. பிள்ளை வீட்டார் எடுத்தால் சம்பந்தம். நாமே எடுத்துவிட்டால் பேச்சு முறிந்தது, மறுபடி அந்த வீட்டோடு பேச முடியாது. என் அத்தைக்கு வைத்த தட்டை மழைக்குப் பயந்து யாரோ உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள். அத்தை கடைசிவரை தாய்வீட்டிலேயே இருந்தாள்.

லாரி தாப்பா வழியாக இறங்கி மேற்கே போயிற்று. அன்று பஷீரின் மைத்துனர் கடைக்குப் பின்னாலிருந்த சரக்குக் கிட்டங்கியில் தங்கி, மறுநாள் காலையில் கடற்கரைக்குப் போனோம்.

லயத்து ஆட்கள் கடலைக் கண்டதும் வந்த வேலை, பதவி, வயது எல்லாவற்றையும் மறந்தார்கள். கொழுந்துக் கூடையைத் தலைப்பட்டையில் மாட்டி நாள் முழுக்கக் குனிந்து நிற்கிற பெண்கள், சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு கைகோத்து அலைக்குள் ஓடினார்கள். மீனவர் பிள்ளைகள் இரண்டிரண்டு தேங்காய்களை மட்டையோடு கட்டிக் கொடுத்தார்கள். அதை அக்குளில் வைத்துக்கொண்டால் ஆள் மூழ்குவதில்லை. மருந்தடிக்கிற முனியாண்டி அதன்மேல் மல்லாந்து மிதந்தபடி, "இனிமே நான் வேலைக்கு வரல, இங்கயே இருக்கேன்னு துரைகிட்ட சொல்லிடுங்க" என்று எனக்கே கட்டளை இட்டான். நான் கேட்காதவன்போல் இருந்துவிட்டேன்.

"தட்டு எடுக்கிறவரைக்கும் சீதா தண்ணியில கால் வைக்கக் கூடாது" என்று மணியம்மாவிடம் சொன்னேன். இருவரும் புன்னை மரத்தடியில் உட்கார்ந்தார்கள். சீதா கடலைப் பார்த்த பார்வையில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அடுத்து, சம்பந்தியை உட்கார வைக்க இடம் பார்க்க வேண்டும். மேட்டு மணல் கால் புதைந்தது, தென்னை ஓலையும் குப்பையுமாகக் கிடந்தது. ஆனால் கொஞ்சம் இறங்கிப் போனால், கடல் ஒதுங்கியிருந்த இடத்தில், தரை, காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற எங்கள் பெரட்டுக் களம் போல அத்தனை சமமாக, கெட்டியாக, ஒரு சருகு கூட இல்லாமல் விரிந்து கிடந்தது. மலையில் பிறந்தவனுக்குத்தான் சமதரையின் மதிப்புத் தெரியும். நான் தேவிகுளம் மலையில் பிறந்து, கப்பலின் கீழ்த்தட்டில் அடைபட்டு வந்து, கேமரன் மலைக்கு ஏறினவன். எங்கள் ஊரில் சமமான இடம் என்றால் அது துரை பங்களாவுக்கு, இல்லை கோயிலுக்கு.

நான் கண்ணை மூடிக்கொண்டு உட்காரவில்லை. வானத்தை நாலு பக்கமும் பார்த்தேன். எங்கள் ஆற்றில் தண்ணீர் ஏற வேண்டுமென்றால் மேலே எங்காவது மழை பெய்ய வேண்டும். அன்று எங்கள் மலையின் பிரிஞ்சாங் உச்சியில் நின்று பார்த்தாலும் ஒரு மேகம் தெரிந்திருக்காது. ஜமுக்காளத்தை விரித்து, மூன்று தட்டுகளையும் வரிசையாக வைத்தேன். ஒன்றில் வெற்றிலை பாக்கு. ஒன்றில் மாதக்கணக்காகச் சேர்த்த வெள்ளைச் சீனி. ஒன்றில் வாழைப்பழம். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் ஜமுக்காளத்தின் ஓரம் கறுத்தது. மணலின் ஈரம் என்று நினைத்தேன். அப்புறம் கரையிலிருந்து பஷீர் கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தால், எனக்கும் கரைக்கும் நடுவே இருந்த பள்ளத்தில், சத்தமில்லாமல், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முன்னாலிருந்துதானே கடல் வர வேண்டும்? பின்னாலும் வந்தது.

"அண்ணே, எந்திரிங்க. தண்ணி ஏறுது."

"மழையே இல்லையே."

"கடலுக்கு மழை எதுக்குண்ணே? அது நேரத்துக்கு ஏறும், நேரத்துக்கு எறங்கும். தட்டைத் தூக்கிட்டு வாங்க."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேன். வைத்த தட்டை என் கையால் தூக்கச் சொன்னால் எப்படி? அந்த நேரம் பார்த்து, கரையில் வெளுத்த வேட்டியும் தோளில் துண்டுமாக ஒருவர் வருவது தெரிந்தது. பின்னால் ஓர் அம்மாள், ஒரு வாலிபன். மாடசாமி குடும்பம்தான். அவர்கள் கண் முன்னால் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினால் என் மகளின் காரியம் அங்கேயே முடிந்தது. நான் அசையவில்லை. தண்ணீர் மடியில் ஏறியது. வெற்றிலைத் தட்டை ஒரு கையாலும் சீனித் தட்டை ஒரு கையாலும் மிதக்காமல் அழுத்திக்கொண்டேன்.

மாடசாமி பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். "கங்காணியாரே, ஏறு தண்ணி. வெளிய வந்துருங்க. கரையில பேசிக்கலாம்."

"வாங்க. தட்டு வச்சாச்சு. நீங்கதான் வந்து எடுக்கணும்."

"உங்க வீட்டு முறைங்களா?"

"முறைதான்."

அவர் செருப்பைக் கழற்றி மகனிடம் கொடுத்தார். துண்டையும் கொடுத்தார். தேய்த்துக் கட்டின வேட்டியோடு பள்ளத்தில் இறங்கி, இடுப்பளவு நீரைத் தாண்டி வந்து, எனக்கு எதிரே ஜமுக்காளம் இருக்குமிடத்தைக் காலால் தடவிப் பார்த்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் அவர் வயிற்றுக்கு வந்தது.

"உக்காந்தாச்சு. சொல்லுங்க, பூர்வீகம் எந்த ஊரு?"

சொன்னேன். அவரும் சொன்னார். குலதெய்வம் பேசினோம். தாத்தா யார், அவர் எந்தக் கோயிலில் முதல் மரியாதை வாங்கினார் என்பதைப் பேசினோம். ஒன்றையும் நாங்கள் விடவில்லை. பஷீர் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"ரெண்டு பேரும் தாத்தாவோட நிறுத்திக்கங்கலா. கொள்ளுத்தாத்தா வரைக்கும் போனா நமக்குக் கழுத்து வரைக்கும் வந்துரும்."

எனக்கு இருப்பது இரண்டு கை. மூன்றாவது தட்டை யாரும் பிடித்திருக்கவில்லை. ஒரு சின்ன அலை வந்து அதைத் தூக்கிக்கொண்டு போயிற்று. பழத்தோடு அது ஆடி ஆடிக் கடலைப் பார்த்துப் போவதைக் கரையிலிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மரத்தடியிலிருந்து ஒரு சேலை ஓடி வந்தது. "சீதா" என்று மணியம்மா கூப்பிட்டது கேட்டது. அவள் நிற்கவில்லை. நல்ல சேலையைச் செருகிக்கொண்டு நேராகத் தண்ணீருக்குள் பாய்ந்து, ஒருமுறை விழுந்து எழுந்து, தட்டைப் பிடித்துவிட்டாள். தலை முழுக்க நனைந்து, பழத்தட்டை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, சிரித்த முகமாக எங்கள் பக்கம் நடந்து வந்தாள்.

பாதி வழியில் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. கையில் இருப்பது என்ன என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பெண் வீட்டுக் கை தட்டை எடுத்துவிட்டது. அதுவும் அந்தப் பெண்ணின் கையே எடுத்துவிட்டது.

மாடசாமி என்னைப் பார்த்தார். "இப்ப உங்க முறைப்படி என்னங்க? முறிஞ்சதா?"

முறிந்தது என்று என் வாயால் சொல்ல முடியவில்லை. முறியவில்லை என்றும் சொல்ல முடியாது. அத்தைக்கு ஒரு முறை, மகளுக்கு ஒரு முறை என்று வைத்தால் அது முறையே இல்லை. தண்ணீர் என் நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது.

கரையில் நின்ற மாடசாமியின் மனைவி தங்கம்மா, சேலையைக் கூடத் தூக்காமல் இறங்கி வந்தாள். சீதாவின் எதிரே நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதான் பொண்ணா?"

"ஆமாங்க."

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"தெரியாமத்தான் விழுந்தியா? நல்லவேளை. விட்டிருந்தா பழம் இந்நேரம் பங்கோர் தீவுக்குப் போயிருக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். நேராக என் முகத்தைப் பார்க்காமல், மரியாதையாகத்தான் பேசினாள். "அண்ணே, எங்க வீட்டுக்கு வரப்போறவ எடுத்தா, அது எங்க கை எடுத்த மாதிரிதானே? உங்க வீட்டுக் கைன்னு எப்படிச் சொல்றது?"

அந்தப் பேச்சை நான் மனசுக்குள் இரண்டு தரம் புரட்டிப் பார்த்தேன். பெண்ணைப் பார்த்தபிறகு, அவளை வரப்போகிறவள் என்று பிள்ளையின் தாயே வாயால் சொல்லியாயிற்று. சொன்னபிறகு அவள் கை யார் கை? முறைப்படி அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

"சரிதான்" என்றேன்.

தங்கம்மா சீதாவின் கையிலிருந்து பழத்தட்டை வாங்கிக்கொண்டாள். மாடசாமி வெற்றிலைத் தட்டை எடுத்தார். சீனித் தட்டையும் எடுத்தார், அதில் கடல்தான் இருந்தது. அவர் அதைச் சாய்க்கவில்லை. நிரம்பின தட்டை அப்படியே ஏந்திக் கரைவரை கொண்டுபோனார். அந்த மனிதரின் வீட்டுக்கு என் மகளைக் கொடுப்பதில் எனக்கு அப்போது எந்தக் குறையும் தெரியவில்லை.

எல்லோரும் கரையேறின பிறகு நானும் எழுந்தேன். ஜமுக்காளத்தை முனியாண்டியும் இன்னும் இரண்டு பேரும் இழுத்து வந்தார்கள்.

அதன் பிறகு யாரையும் எதுவும் செய்யாதே என்று நான் சொல்லவில்லை. சீதா லயத்துப் பெண்களோடு தேங்காய்களைப் பிடித்துக்கொண்டு மிதக்கக் கற்றாள். ஆண்கள் தண்ணீர் வடிந்ததும் சேற்று மணலைக் கையால் கிளறிக் கெராங் சிப்பி பொறுக்கினார்கள். தங்கம்மா அதைச் சுட்டுச் சுட்டுப் போட்டாள், ஓடு வாய் திறந்ததும் ஊதி ஊதித் தின்றோம். வயிறு நிறைய உண்டு வெகு நாளாகியிருந்தது. மாடசாமி எனக்கு உலர்ந்த வேட்டி ஒன்று கொடுத்தார். கரை வைத்த நல்ல வேட்டி.

"கல்யாணம் எங்க வச்சுக்கலாம் சம்பந்தி?"

"மலையில."

"மலையில எங்க ஆளுங்க குளிர்ல நடுங்கிப் போவாங்களே."

"போர்வை குடுத்துத்தான் பந்தியில உக்கார வைப்பேன்."

"அப்ப வர்றோம்" என்றார்.

சாயங்காலம் செல்லையா ஒரு சம்பான் படகைக் கொண்டுவந்து, ஆட்களை மாற்றி மாற்றி ஏற்றிக் காட்டினான். தன் படகில் சீதாவை மட்டும் ஏற்றவில்லை. யாரும் சொல்லாமலே அவன் அப்படிச் செய்ததைக் கவனித்தேன். கடைசியில் என் முன்னால் வந்து நின்றான்.

"மாமா, நீங்க வரலியா?"

மாமா என்று சொன்னபிறகு மறுப்பது மரியாதையில்லை. ஏறி, நடுப்பலகையில் நேராக உட்கார்ந்தேன். அவன் துடுப்பைப் போட்டான். தோட்டத்தில் என்ன வேலை, சம்பளத்துக்கு என்ன கொடுக்கிறார்கள், ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாய் என்று வரிசையாகக் கேட்டேன். துடுப்பு நிற்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். கொஞ்ச தூரம் போனதும் கேள்வி தீர்ந்துவிட்டது. சும்மா உட்கார்ந்து வந்தேன். தண்ணீர் பச்சையாக இருந்தது, காற்று நன்றாக இருந்தது.

கரையில் மணியம்மா இடுப்பளவு நீரில் இறங்கியிருந்தாள். எப்போது இறங்கினாள் என்று தெரியவில்லை. என்னைப் பார்த்துக் கையை வீசினாள். லயத்து ஆட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று நானும் கையைத் தூக்கி வீசினேன்.