கயிறு நடிப்பு, கோலா நடிப்பல்ல

"வெள்ளிக்கிழமை நீ வரணும் அனும்பா. வந்து கழுத்தைக் காட்டணும், அவ்வளவுதான்."

ஊர்ச் சபைப் பெரியவர் எசென்வா நின்றுகொண்டே பேசினார். அனும்பாவின் வீட்டில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

அடிமைகள் கிளர்ந்தெழுந்த பழைய கதையைப் படமாக்க லாகோஸிலிருந்து ஒரு கூட்டம் வந்து இறங்கியிருந்தது. கழுத்தில் கயிற்றோடு வரிசையாக நடக்க நாற்பது பேர் வேண்டுமாம். நடிப்புக்குக்கூடக் கயிற்றைத் தொட மாட்டோம் என்று சபையில் எல்லோரும் கைவிரித்தார்கள். அப்போதுதான் கீழ்த்தெரு நினைவுக்கு வந்தது. என்றைக்கோ விலைக்கு வாங்கப்பட்டவர்களின் பேரன் பேத்திகள் அங்கே இருந்தார்கள், அனும்பாவும் அவர்களில் ஒருவர். ஓஹு என்று ஊர் அவர்களைச் சொல்லும், முகத்துக்கு நேராக அல்ல.

"அன்னைக்குத்தான் ஐயா, கெனேச்சியோட சித்தப்பா விசாரிக்க வர்றார்."

பெண் எடுக்குமுன் அவள் ஊருக்குப் போய் வம்சம் விசாரிப்பது வழக்கம். அனும்பாவின் மகள் ஓலன்மாவைக் கட்ட இருந்த கெனேச்சிக்கு எல்லாம் தெரியும். அவன் வீட்டாருக்குத் தெரியாது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு வந்த சம்பந்தம் இப்படி ஒரு விசாரணையோடுதான் நின்றுபோனது.

"அவர் என்கிட்டதானே கேட்பார்? நீ வரிசையில நில்லு, நல்ல குடும்பம்னு சொல்லிடறேன். நீ வரலைன்னா..." எசென்வா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லப்பா."

சமையலறையில் கிழங்கு இடிக்கும் சத்தம் நின்றது. அவர் போனதும் ஓலன்மா வெளியே வந்தாள்.

"போகாதீங்கப்பா. கல்யாணம் போனாப் போகுது."

"உனக்கு முப்பத்திரண்டு வயசு."

"அதுக்கு உங்க கழுத்தா?"

"கயிறு ரெண்டு மணி நேரம்மா. நீ தனியா நின்னா, அதை நான் சாகுற வரைக்கும் பார்க்கணும்."

வெள்ளிக்கிழமை சந்தைத் திடலில் வெயில் கொளுத்தியது. கழுத்தில் கயிற்றோடு நாற்பது பேர் நின்றார்கள், முன்னால் அனும்பா. பந்தலுக்குக் கீழே எசென்வாவும் கெனேச்சியின் சித்தப்பாவும் குளிர்பானத்தோடு அமர்ந்திருந்தார்கள்.

"அசலா இருக்காங்களே. எங்க பிடிச்சீங்க?" என்றார் சித்தப்பா.

"எல்லாம் நம்ம ஊர்க்காரங்கதான். முன்னால நிக்கிறார் பாருங்க, அவர்தான் பொண்ணோட அப்பா. கலைன்னா உசுரு."

சித்தப்பா சிரித்தார். கூட்டத்தில் நின்ற ஓலன்மா அந்தச் சிரிப்பைப் பார்த்து நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக மூச்சை நிதானமாக விட்டாள்.

அடுத்த காட்சி, கிளர்ச்சிக்கு முந்தைய பிரார்த்தனை. வரிசை முழுதும் புழுதியில் உட்கார்ந்தது. இயக்குநர் டெனியோலா நாட்டின் மேற்குப் பக்கத்துப் பெண், இந்த ஊர் வழக்கம் அறியாதவள். அனும்பாவின் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு ஒரு கோலாக் கொட்டையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"தாத்தா, வேண்டிக்கிட்டு நீங்களே உடைச்சு எல்லாருக்கும் குடுங்க."

அனும்பா அதை விரல் மூடாமல் பிடித்திருந்தார். ஊரில் எந்தச் சடங்கிலும் அவர் பரம்பரை கோலா உடைத்ததில்லை. மற்றவர்கள் உடைத்து எடுத்துக்கொண்டு மிஞ்சியதுதான் அவர்களுக்கு.

நாற்காலி கவிழ எசென்வா எழுந்தார். "நிறுத்துங்க. அவன் உடைக்கக் கூடாது."

"நடிப்புதானே ஐயா," என்றாள் டெனியோலா.

"கயிறு நடிப்பு. கோலா நடிப்பில்ல. ஓஹு கையால உடைக்கிறதை நான் உட்கார்ந்து பார்க்கணுமா?"

சொன்ன பிறகுதான் பக்கத்தில் யார் இருக்கிறார் என்பது அவருக்கு உறைத்தது.

"ஓஹுவா?" என்று சித்தப்பா மெல்லக் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பாதி குடித்த பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, கைபேசியைக் காதில் வைத்தபடியே காரை நோக்கி நடந்தார்.

கார் திரும்பிப் போகும்வரை அனும்பா பார்த்துக்கொண்டிருந்தார். காப்பாற்ற இனி எதுவும் இல்லை. கட்டைவிரல் நகத்தை அழுத்திக் கோலாவைப் பிளந்தார். யாரும் சொல்லித்தராத பிரார்த்தனை அது. அறுபது ஆண்டுகள் கடைசி வரிசையில் நின்று கேட்டது. ஒரு சொல் பிசகவில்லை. துண்டுகள் கயிற்று வரிசையில் கை மாறிச் சென்றன.

ஓலன்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். விசாரணைக்கென்று போட்டிருந்த மஞ்சள் சட்டையோடு அப்பாவின் பக்கத்தில் புழுதியில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள்.

"எனக்கும் குடுங்கப்பா."

"அந்த மஞ்சச் சட்டைப் பொண்ணு படத்துல இல்ல, நகரச் சொல்லுங்க," என்று ஒலிபெருக்கி அதட்டியது.

அனும்பா அவள் கையில் ஒரு துண்டை வைத்தார். அவள் நகரவில்லை.