சாப்பிட்டவர் கையொப்பம்

திரைச்சீலைக் கடையில் அவருக்கு மீட்டர் என்று பெயர். அளவுகோலைத் தொடாமல் துணியை இரண்டு வீசு வீசி, மூன்றே கால் என்று சொன்னால் மூன்றே காலாகத்தான் இருக்கும். ஒரு ஜன்னலுக்கு வந்தவரை வீடு முழுக்கத் திரை மாட்ட வைக்கிற வாய். அப்பேர்ப்பட்டவரை, கடையைப் புதிதாக வாங்கிய முதலாளியம்மா, "சான்றிதழ் இருக்கறவங்களுக்குத்தான் நிரந்தர வேலை. மாசக் கடைசிக்குள்ள கொண்டாங்க" என்று ஐம்பத்தோராவது வயதில் படிக்க அனுப்பிவிட்டார்.

படிப்பின் பெயர் 'அடிப்படை வாழ்க்கை, கற்றல் திறன்கள்'. ஆறு பாடம். வார அட்டவணை, குறிப்பெடுப்பது, விண்ணப்பம் நிரப்புவது, மருத்துவரிடம் நேரம் வாங்குவது, குழுவில் பேசுவது என்று ஐந்தையும் ஊதித் தள்ளினார். குழுவில் பேசும் பாடத்தில், 'மற்றவர்களுக்கு நேரமே கிடைக்கவில்லை' என்று டீச்சர் ஓரத்தில் எழுதியிருந்தார். ஆறாவதுதான் தொண்டையில் நின்றது. வீட்டில் இருவருக்குச் சமைத்து, இன்னொருவரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டவர் ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கையொப்பம் இட வேண்டும். கூட வேலை செய்பவரும் கூடப் படிப்பவரும் கூடாது.

"டீச்சர், ஆள் இல்லாம முடிச்சுக்கலாமா? வேணும்னா நாலு பேருக்குச் சமைச்சுடறேன்."

"பேரம் பேச இதைத் துணிக்கடைன்னு நினைச்சீங்களா சார்? ஒரே ஒரு ஆள்தானே கேக்கறோம்?"

ஒரே ஒரு ஆள். பஸ்ஸில் உட்கார்ந்து கைப்பேசியைப் புரட்டினார். இருநூற்றுச் சொச்சம் எண்கள், பெரும்பாலும் கடைக்கு வந்தவர்கள். நீலப் பூ மூணு ஜன்னல். மாடி வீடு மெரூன். விலை கேட்டு நெஞ்சைப் பிடிச்ச அம்மா. பாதி ஊரின் ஜன்னல் அகலம் அவருக்கு அத்துப்படி. அந்த ஜன்னல்களுக்கு உள்ளே இருப்பவர்களில் ஒருவருக்கும் அவர் வீட்டுக் கதவு எந்தப் பக்கம் என்று தெரியாது.

கடைசியில் அக்காவை அழைத்தார். மூன்று மணி நேர பஸ் தூரத்தில் இருப்பவள்.

"இதுக்கா இந்த இழுப்பு இழுக்கறே? தாளைப் போட்டோ எடுத்து அனுப்பு, எழுதித் தரேன்."

"நீ வந்து சாப்பிடணும்க்கா."

"உன் சமையலையா? நான் யாருக்குடா என்ன பாவம் செஞ்சேன்?"

அரை மணியில் கைப்பேசிக்குத் தாள் வந்து சேர்ந்தது. 'என் தம்பி நன்றாகச் சமைப்பான். சோறு குழையாமல் வடிப்பான். நான் அடிக்கடி போய்ச் சாப்பிடுவேன். பேச உட்கார்ந்தால் எங்களுக்கு நேரம் போவதே தெரியாது.' கீழே கையொப்பம்.

மீட்டர் அதை நின்றபடி ஒரு தரம், உட்கார்ந்து ஒரு தரம் படித்தார். பிறகு அக்காவைத் திரும்ப அழைத்து, தொழிலில் கைவந்த பொய் ஒன்றை அவிழ்த்தார்.

"அது செல்லாதாம்க்கா. நேர்ல வந்தாத்தான் ஆச்சாம். ஞாயித்துக்கிழமை வந்துடேன்."

"எவன் சொன்னான்? குடுத்துப் பாரு, வாங்கிப்பாங்க. மாமாவுக்கு வேற இருமல்... சரி, பாக்கலாம்டா."

ஞாயிறு காலை சோறு, பருப்பு, பீன்ஸ், ஆளுக்கொரு முட்டை என்று ஆயிற்று. வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி. அது அக்காவுக்கு. தனக்குத் துணிப் பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பன்னிரண்டரை பஸ் தெருமுனையில் நின்று போயிற்று. ஒன்றரை பஸ்ஸும் போயிற்று. இரண்டேகாலுக்குப் பெட்டியில் உட்கார்ந்தபடியே சாப்பிட்டார். சோறு நிஜமாகவே குழையாமல் வந்திருந்தது.

மறுநாள், நகல் கடையில் அச்செடுத்த அக்காவின் தாளை டீச்சர் முன்னால் வைத்தார். படித்த டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா அடிக்கடி வராங்களா? நல்லது சார். நீங்க தனியா இருக்கீங்களோன்னு நினைச்சேன்." பேனாவைத் திறந்தார். "கடைசியா எப்ப வந்தாங்க? தேதி குறிச்சுக்கறேன்."

'நேத்து' என்று ஒரு சொல் போதும், சரக்கு கைமாறிவிடும். சாயம் போன துணியைப் புது நிறம் என்று விற்ற மனிதர் அவர். ஆனால் வாயைத் திறக்குமுன், கடைசியாக எப்போது வந்தாள் என்று நிஜமாகவே யோசித்துத் தொலைத்துவிட்டார்.

"இந்த வீட்டுக்கு அவ வந்ததில்ல டீச்சர்."

"குடி வந்து எவ்வளவு நாளாச்சு?"

"ஏழு வருஷம்."

"அப்ப நேத்து யார் சாப்பிட்டாங்க?"

"மத்தியானம் நான். ராத்திரியும் நான்."

டீச்சர் பேனாவை மூடினார். ஆறாவது பாடத்தை மறுபடி செய்ய அடுத்த வகுப்பு மூன்று மாதம் கழித்துத்தான் என்றார். மாதக் கடைசிக்கு இன்னும் எட்டே நாள். மீட்டர் தலையாட்டிக்கொண்டார். நாள்கூலியாகவே நின்று துணி வீச வேண்டியதுதான்.

டீச்சர் தாளை இரண்டாக மடித்துக் கூடையில் போடக் கையை நீட்டினார்.

"அதைக் குடுத்துடுங்க டீச்சர்."

"செல்லாத தாள் சார். இதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ணலை," என்றார் மீட்டர். "நல்லா எழுதியிருக்கா."