விட்டத்துக் காய்ச்சல்

அந்த ஆண்டு காய்ச்சலில் விழுந்தவர்கள் படுக்கையில் தங்கவில்லை. மேலே எழும்பி, ஆஸ்பத்திரி விட்டத்தில் முதுகு ஒட்டிக் கிடந்தார்கள். அங்கே புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்த்தவள், "அண்ணன் மேல போயிட்டான்" என்று போனில் சொல்லிவிட்டு, அம்மா அலறுவதற்குள் "விட்டத்துலம்மா, நல்லா பேசிட்டுதான் இருக்கான்" என்று அவசரமாகச் சேர்த்தாள்.

நோயாளிகளின் மணிக்கட்டுப் பட்டைகள் நாடித்துடிப்பு, சூடு, உயரம் என்று ஓயாமல் எண்களை அனுப்பின. எப்படிப் புரட்டினாலும் அவை ஒன்றையே சொல்லின: புதிய சொட்டு மருந்து குடித்தவர்கள் சீக்கிரம் இறங்குகிறார்கள். தலைமை மருத்துவர் அந்த மருந்தை மற்ற ஊர்களுக்கும் அனுப்ப ஆயத்தமானார். அவள் மட்டும் கணினியை விட்டு எழுந்து, வார்டில் போய் அண்ணாந்து நின்றாள். செவிலியர்கள் கைக்கு எட்டியவர்களுக்குத்தான் சொட்டு விட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டியவர்களோ ஏற்கெனவே இறங்கத் தொடங்கியவர்கள்.

"விட்டத்துல இருக்கறவங்களுக்கு யாருமே கொடுக்கலையே டாக்டர். ஏணி வைப்போம். சீட்டுக் குலுக்கி, பாதிப் பேருக்குச் சொட்டு, பாதிப் பேருக்கு வெறும் தண்ணி."

"குலுக்கல்ல உங்க அண்ணன் பேருமா?"

மேலிருந்து அண்ணனே பதில் சொன்னான்: "போடுங்க டாக்டர். என் தங்கச்சி கேட்டா காரணம் இருக்கும்."

யாருக்கு எது என்ற பட்டியலை ஓர் உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள்; முடியும்வரை அவளுக்கும் தெரியாது. அண்ணன் இறங்காத நாட்களில் அவளுக்குச் சோறும் இறங்கவில்லை. கடைசியில் உறையைப் பிரித்தபோது, முதலில் தரையைத் தொட்டவர்களில் பெரும்பாலோர் தண்ணீர் குடித்தவர்கள் என்று தெரிந்தது. அண்ணனும் அவர்களில் ஒருவன். சொட்டு குடித்தவர்கள் பலர் இன்னும் விட்டத்தில்தான் கிடந்தார்கள். தலைமை மருத்துவர் அன்றே மருந்தை நிறுத்தினார். கேட்க வந்த பத்திரிகைக்காரர்களிடம் அவளைக் காட்டி, "எனக்குத் தெரியாம போனது இவங்களுக்குத் தெரிஞ்சுது, இவங்களையே கேளுங்க" என்றார். அம்மா அந்தச் செய்தியைத் தெருவில் ஒரு வீடு விடாமல் படித்துக் காட்டினாள். எழுத்து தெரிந்தவர்களையும் விடவில்லை.

காய்ச்சல் இன்றும் வருடம் தவறாமல் வருகிறது. வந்தவர்கள் மேலே போகிறார்கள், தண்ணீர் குடிக்கிறார்கள், பொறுத்திருந்து இறங்குகிறார்கள். சும்மா கிடப்பானேன் என்று ஆளுக்கொரு துணி கேட்டு வாங்கிக்கொள்வதால், அந்த ஆஸ்பத்திரியில் ஒட்டடையைப் பார்த்தவர் யாரும் இல்லை.