நாற்பத்தொரு டிகிரி வரட்டும்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது. என் மனைவி மாநகராட்சியில் பொறியாளர். அலுவலகத்தில் நடந்ததை அவள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். நான் நல்ல கணவனாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கை கழுவியதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு பத்திரிகை ஆசிரியர் பருவநிலை மாற்றம் பற்றிக் கதை கேட்டிருந்தார். உலகத்து நகரங்களெல்லாம் கைகோத்து நிற்கிற மாதிரி இருக்க வேண்டுமாம், ஆனால் போரடிக்கக் கூடாதாம். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிற துணிச்சல் ஆசிரியர்களுக்குத்தான் வரும்.

முதல் தொடக்கம்: "பூமி கொதித்தது. பனிப்பாறைகள் கண்ணீர் வடித்தன. அந்தக் கூட்டரங்கில் மட்டும்

வேண்டாம். பனிப்பாறை கண்ணீர் வடித்தால் நானே பத்திரிகையை மூடி வைத்துவிடுவேன்.

இரண்டாவது தொடக்கம்: "ஐம்பதைத் தாண்டிய அந்தப் பொறியாளர், கண்ணாடியைத் துடைத்தபடி உலக வரைபடத்தை நோக்கினார். அவர் நெஞ்சில்

மனைவி தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டாள்.

"யாருங்க இந்த ஆளு?"

"நீதான்."

"எனக்கு எதுக்கு மீசை?"

மீசையை நான் எழுதவே இல்லை. ஆனால் அவள் சொன்னதும் எனக்கும் கண்ணில் பட்டது. ஆளையே எடுத்துவிட்டேன்.

2

விஷயத்துக்கு வருகிறேன். உலகத்தில் பல மாநகராட்சிகள் சேர்ந்து ஒரு கூட்டணி வைத்திருக்கின்றன. நாடுகள் பேசிப் பேசியே காலத்தை ஓட்டுகின்றன, நகரங்களாவது ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டு உருப்படியாக எதையாவது செய்யட்டும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான், கிண்டல் செய்யவில்லை. (இதுவரை.)

அதில் ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு ஜோடி நகரம் உண்டு. ஜோடி சேர்த்த மகானுபாவர்கள் மக்கள்தொகையை மட்டும் பார்த்தார்கள், வெயிலைப் பார்க்கவில்லை. அதனால், நின்ற இடத்திலேயே வறுபடுகிற எங்கள் ஊருக்கு, வருஷத்தில் பாதி பனிக்குள் கிடக்கிற ஓர் ஊர் வாய்த்தது.

மாதம் ஒருமுறை வீடியோவில் கூட்டம். சைக்கிள் பாதையில் விழுந்த பனியை எப்படி வாரிக் கொட்டுவது என்று அவர்கள் படம் போட்டுக் காட்டினார்கள். எங்கள் ஆணையர் ரொம்ப அக்கறையாகக் கேட்டுவிட்டு, நம் ஊரிலும் இதைச் செய்யலாமே என்றார். கூட்டத்தில் எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். ஆணையர் சொன்னால் பனி பெய்தாலும் பெய்யும்.

பதிலுக்கு நாங்கள் கொடுத்தது வெப்பகாலத் திட்டம். என் மனைவி எழுதியது. வெயில் நாற்பத்தொரு டிகிரியைத் தொட்டதும் நூலகங்களையும் சமூகக் கூடங்களையும் ஏசி போட்டு மக்களுக்குத் திறந்துவிட வேண்டும். தனியாக இருக்கிற வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். உச்சிவெயிலில் வெளிவேலை கூடாது.*

குளிர் ஊர்க்காரர்கள் அதை அப்படியே மொழிபெயர்த்து, மன்றத்தில் வைத்து, கைதட்டி நிறைவேற்றிக்கொண்டார்கள். அப்படியே என்றால் அட்சரம் பிசகாமல். "பழைய பேருந்து நிலையம் எதிரே குடிநீர்த் தொட்டி" என்ற வரிகூட இருந்தது. அந்த ஊரில் பழைய பேருந்து நிலையமே கிடையாது.

அவர்களைப் பார்த்து இன்னும் நாலைந்து ஊர்கள் எடுத்துக்கொண்டன. அதிக நகரங்கள் பின்பற்றிய திட்டம் என்று கூட்டணி எங்களுக்கு விருது அறிவித்தது. ஆணையர் புதுக் கோட்டுத் தைக்கக் கொடுத்தார்.

(* அது ஏன் நாற்பத்தொன்று? என் மனைவி கேட்டது முப்பத்தெட்டு. அது வருஷத்தில் பாதி நாள் வருமே, கரண்ட் பில் யார் கட்டுவது என்றார் நிதிப்பிரிவுக்காரர். நாற்பது என்றார்கள். அதுவும் அடிக்கடி வரும் என்றார் அவர். நாற்பத்திரண்டு என்றால் பத்திரிகைகளில் கிழித்துவிடுவார்கள். ஆக, நாற்பத்தொன்று. இந்த முடிவை எடுத்த அறையில் ஏசி எக்கச்சக்கக் குளிர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

3

அடுத்து வருகிற பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கையே இல்லை.

குளிர் ஊரின் மாநகராட்சி அதிகாரி. எப்போதும் கழுத்துவரை மூடிய ஸ்வெட்டரில் திரையில் தெரிவார். எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ஸ்வெட்டர்தான். நேரத்துக்கு வருவார், அளவாகப் பேசுவார், அடுத்தவர் பேச்சில் குறுக்கே வரமாட்டார். இப்படி ஓர் ஆளை வைத்துக்கொண்டு ஒரு கதைக்காரன் என்னதான் செய்வது? ஒரு வரைவில் அவரைக் குடிகாரராக்கிப் பார்த்தேன். மனைவி அந்தத் தாளையே கிழித்துவிட்டாள்.

"பாவங்க அந்த மனுஷன். அவரை விட்டுடுங்க."

சரி, விட்டுவிட்டேன். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

அன்றைய கூட்டத்துக்கு அவர் ஸ்வெட்டர் இல்லாமல் வந்தார். எங்கள் ஆட்களுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, முகம் வெந்து சிவந்திருந்தது. அவர் கேட்டதை மொழிபெயர்ப்பம்மா சொன்னார். (அந்த அம்மாவின் தமிழ் செய்தி வாசிக்கிற தமிழ். கொஞ்சம் இளக்கியிருக்கிறேன்.)

"உங்க ஊர்ல நாப்பத்தொண்ணு வர்றதுக்கு முன்னாடி, ஜனங்களுக்கு முடியலேன்னா என்ன செய்வீங்க?"

இப்போது அங்கே எவ்வளவு என்று என் மனைவி கேட்டாள். முப்பத்தைந்து என்றார்.

அறையே சிரித்தது. அது எங்களுக்கு வாக்கிங் போகிற வெயில் என்றார் ஆணையர். என் மனைவியும் சிரித்தாள். (இதை எழுத வேண்டாம் என்றாள். அப்புறம் அவளே வந்து, எழுதுங்கள் என்றாள்.)

சிரிப்பு ஓயும்வரை அவர் காத்திருந்தார். பிறகு சொன்னார். அங்கே வீடுகளெல்லாம் சூட்டை உள்ளே பிடித்துவைக்கக் கட்டியவை. ஜன்னல்கள் ஒரு சாண்தான் திறக்கும். ஃபேன் என்ற பொருளைப் பலர் கண்ணால் கண்டதில்லை, கடையில் இருந்த நாலும் விற்றுத் தீர்ந்துவிட்டன. அவருடைய அம்மா மேல்மாடியில் தனியாக இருக்கிறார். சாப்பாடு இறங்கவில்லை, நீ யார் என்று மகனையே கேட்கிறார். தன் வீட்டுக்கு அழைத்து வந்தால் அங்கும் அதே அடுப்புதான். ஆஸ்பத்திரியில் வாசல்வரை கூட்டம். எதிரே மாநகராட்சி நூலகம் ஜில்லென்று இருக்கிறது, மாலையானால் பூட்டிவிடுகிறார்கள். அதை ராத்திரியும் திறந்துவைக்கச் சொல்லி மேலிடத்தில் கேட்டுப் பார்த்தார்.

"திட்டத்துல நாப்பத்தொண்ணுன்னு இருக்கு, வரட்டும்னு சொல்றாங்க. உலகமே பாராட்டின திட்டமாச்சே, நாம கைவைக்க முடியாதுங்கறாங்க."

அந்த ஊருக்கு வரவே வராத ஒரு எண்ணுக்காக ஓர் ஊரே காத்துக்கொண்டிருந்தது, அந்த எண் போனது என் வீட்டுக்காரியின் கம்ப்யூட்டரிலிருந்து.

4

ஆணையர் சட்டென்று மைக்கை அணைத்தார்.

"ஒரு வாரம் பொறுங்கம்மா. விருது கைக்கு வரட்டும், அப்புறம் திருத்தம்னு ஒண்ணு அனுப்பிடலாம். நம்பரே தப்புன்னு இப்ப நாமளே சொன்னா, எடுத்துக்கிட்ட அத்தனை ஊரும் கேள்வி கேக்கும்."

கெட்ட மனிதர் இல்லை அவர். வில்லனாக்க நாலு வரி எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. விருது வாங்கிப் பழக்கமில்லாத ஆள், அவ்வளவுதான். என் மனைவியின் பதவி உயர்வுக் கோப்பும் தன் மேஜையில்தான் இருக்கிறது என்பதையும் போகிறபோக்கில் நினைவுபடுத்தினார்.

இந்த இடத்தில் நான் எழுதியது: "அவள் சிங்கமென எழுந்தாள். அவள் விழிகளில் கனன்ற

"நான் எழுந்திருக்கவே இல்லைங்க. மைக் பட்டன் எங்க இருக்குன்னு தேடிட்டிருந்தேன்."

தேடி, கண்டுபிடித்து, அமுக்கி, அவள் சொன்னது இது:

"அந்த நாப்பத்தொண்ணு எங்க ஊருக்குப் போட்டது. எங்களுக்கே அது ஜாஸ்தி, நான் கம்மியாத்தான் கேட்டேன். உங்களுக்கு அது சுத்தமா தப்பு. இப்பவே திறங்க. யாராவது கேட்டா, எழுதினவளே தப்புன்னு சொல்லிட்டான்னு சொல்லுங்க."

மொழிபெயர்ப்பம்மா அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து ஓடிவிட்டார். நன்றிகூடச் சொல்லவில்லை. திரையில் காலி நாற்காலி மட்டும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் ஆணையர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டீ சொல்லுங்கள் என்றார்.

5

முடிவு. மூன்று எழுதினேன்.

(அ) ஸ்வெட்டரின் அம்மாவை நூலகத்துக்கு அழைத்து வருகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் தெளிந்து, ஏசி ரொம்பக் குளிருகிறது என்று நூலகரிடம் சண்டை பிடிக்கிறார். ஆசிரியருக்கு இது பிடிக்கும்.

(ஆ) நூலகம் திறந்தபோது நேரம் கடந்துவிட்டது. இதைப் படித்துவிட்டு மனைவி உள்ளே போய்விட்டாள். அழித்துவிட்டேன். அழித்ததை ஏன் சொல்கிறேன் என்றால், நான் எழுதினேன் என்பது உண்மை, அதனால்.

(இ) எல்லா ஊர்களும் தத்தம் வெயிலுக்கு ஏற்ற எண்ணைப் போட்டுக்கொள்கின்றன. தவறைத் தாமே ஒப்புக்கொண்ட துணிச்சலுக்காகக் கூட்டணி வேறொரு விருது தருகிறது. அது முதலிலிருந்தே தன் யோசனைதான் என்று ஆணையர் புதுக் கோட்டில் நின்று பேசுகிறார். என் மனைவி நாய் உரிமப் பிரிவுக்கு மாற்றப்படுகிறாள். மூன்றில் நம்பும்படியாக இருப்பது இதுதான்.

மற்ற இரண்டையும் அவளிடம் படித்துக் காட்டினேன். அவளுக்கு எதுவும் பிடிக்கவில்லை.

"மூணுலயும் நான் ரொம்ப நல்லவளா இருக்கேன். அவர் முப்பத்தஞ்சுன்னு சொன்னப்ப நான் சிரிச்சேனே, அந்தச் சிரிப்பு எதுலயாவது இருக்கா?"

இல்லை. அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

6

அன்று சாயங்காலமே அங்கே நூலகங்களைத் திறந்துவிட்டார்கள். அந்த மாநகராட்சியின் இணையதளத்தில் அவளே தேடிப் பார்த்தாள். ஆனால் ஸ்வெட்டரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவள் அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதிலில்லை. அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, கேட்டால் பசியில்லை என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, அவளுக்காகவும், முகமே தெரியாத அந்த அம்மாவுக்காகவும்.

அதனால் இந்தப் பகுதியில் நான்

ஃபோன் அடிக்கிறது. அவளுடைய ஃபோன். மொழிபெயர்ப்பம்மா கூப்பிடுகிறார். விடுமுறை நாளில், கூட்டம் எதுவும் இல்லாதபோது.

அவள் ஃபோனையே பார்க்கிறாள், எடுக்கவில்லை.

"நீங்க எடுங்களேன்" என்கிறாள்.

எனக்கும் கை வரமாட்டேனென்கிறது. காகிதத்தில் ஸ்வெட்டரின் அம்மாவைப் பிழைக்கவும் வைத்தேன், சாகவும் விட்டேன். இப்போது ஒரு ஹலோ சொல்லத் தைரியமில்லை.

ஐயா, அம்மா, படித்துக்கொண்டிருக்கிற நீங்கள் யாராக இருந்தாலும் சரி, நீங்கள் எடுங்கள். என்ன செய்தியாக இருந்தாலும் என்னிடம் சொல்ல வேண்டாம், நான் அதற்கு ஏதாவது அலங்காரம் பண்ணிவிடுவேன். இவளிடம் நேராகச் சொல்லுங்கள். சீக்கிரம், மணி நின்றுவிடப் போகிறது.