வரேன் என்று ஒரு பட்டப்பெயர்

ஓரகத்தி அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது, அவள் வேலைக்குப் போன முதல் நாளை வைத்துத்தான்.

பெரிய ஹோட்டலின் பின்கட்டில் துணி வெளுக்கும் இடம். சூடாக வந்து விழும் படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறி மடிக்க வேண்டும். வேலை முடிந்ததும், தெரிந்த சொற்களைக் கோத்து, மேற்பார்வைக்காரம்மாவிடம் இந்த ஊர் பாஷையில் “போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு வந்தாள். திரும்பி வரப்போகிறாள் என்று நினைத்து, அந்த அம்மாள் பின்கதவைப் பூட்டாமல் வெகுநேரம் காத்திருந்தாளாம். மறுநாள் காலையில் வேலை வாங்கிக்கொடுத்த ஓரகத்திக்குப் போன் வந்தது. போனை வைத்துவிட்டு ஓரகத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அடியே, போயிட்டு வரேன்னா சொன்ன? அந்தம்மா கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு! இந்த ஊர்ல போனா போனதுதான்டி.”

அன்றிலிருந்து அவள் பெயர் வரேன். “ஏ வரேன், அடுப்பைப் பாரு.” விருந்தாளி வந்தால், “இவதான் எங்க வரேன்.” உடனே கதவு திறந்திருந்த கதை. அவள் கணவனும் சேர்ந்து சிரித்தான்.

“அண்ணி சும்மா தமாஷுக்குச் சொல்றாங்க. ஒண்ட வந்த இடத்துல மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே.”

அவளும் சிரித்தாள். கணவனின் அண்ணன் வீட்டுப் பின்னறையில், பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே மகளோடு மூன்று பேரும் படுத்துக்கொண்டிருக்கும்போது வேறு என்ன செய்வது? ஆனால் சிரிக்கச் சிரிக்க உள்ளே ஏதோ ஒன்று கெட்டிப்பட்டுக்கொண்டே வந்தது.

மகளின் பள்ளிக்கூடத்தில்தான் அது கல்லாயிற்று. பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். பாஷைக்குத் துணையாக ஓரகத்தியும் வந்தாள். டீச்சர் என்ன கேட்டாளோ, ஓரகத்தி கையை ஆட்டி ஆட்டிச் சொன்னது அந்தக் கதவுக் கதையைத்தான். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சரி, அவள் யாரோ. பக்கத்து நாற்காலியில் மகளும் சிரித்தாள். வீட்டுக்கு வரும் வழியில், “அம்மா, அடுத்த தடவை நீ வர வேணாம். பெரியம்மா மட்டும் வந்தா போதும்” என்றாள்.

அதற்குப் பிறகு, ஒவ்வொரு விரிப்பையும் உதறும்போது அவள் ஓரகத்தியைத்தான் உதறினாள். எப்படித் திருப்பிக் கொடுப்பது? குழம்பில் உப்பை அள்ளிப் போடலாம். தானும் அதைத்தான் தின்ன வேண்டும். யாரிடமாவது கோள் சொல்லலாம். சொல்ல ஆள் வேண்டும். ஒருநாள் மடித்துக்கொண்டே இருந்தபோது, தேடிய பொருள் தன் கையிலேயே இருப்பது தெரிந்தது.

வந்த புதிதில், வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஓரகத்தி சொன்னது அது. ஓரகத்தியின் அப்பா, வீட்டில் ஒரு சண்டைக்குப் பிறகு வாசலில் நின்று “போறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவர். திரும்பவே இல்லை. இருக்கிறாரா இல்லையா என்றுகூடத் தெரியாது. “அந்த வார்த்தை மட்டும் என் வாசல்ல யாரும் சொல்லக் கூடாதுடி” என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழியை வெங்காயத்தின் மேல் போட்டாள். அவள் புருஷன் வாய் தவறிச் சொன்னாலும் விடமாட்டாள். திரும்ப உள்ளே கூட்டி வந்து, உட்கார வைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவாள்.

அன்றைக்கு இவள் ஓரகத்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கு அதே விஷயத்தை, தீட்டிய கத்தியைத் துணியில் சுற்றி வைப்பதுபோல் பத்திரப்படுத்தினாள். போறேனுக்குப் பயந்து சாகிறவள் வரேனைக் கேலி செய்கிறாளே என்று நினைக்க நினைக்க ஆத்திரம் இரட்டிப்பானது.

தனி வீடு பார்க்கலாம் என்று கணவனை நச்சரித்தாள். செருப்புத் தைக்கும் கடைக்கு மேலே இரண்டு அறை கிடைத்தது. வீட்டுக்காரரிடம் தட்டுத்தடுமாறி அவளே பேசினாள்.

கிளம்பும் நாளன்று கார் நிறையப் பெட்டி. ஓரகத்தி விடியற்காலையிலேயே எழுந்து சமைத்து, தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“எங்கே, உன் டயலாக்கைச் சொல்லிட்டுக் கிளம்பு. கேட்டுக்கறோம்.”

கணவன் முன்கூட்டியே சிரிக்கத் தொடங்கியிருந்தான். அவள் முதலில் தூக்கை வாங்கிக்கொண்டாள். பிறகு ஓரகத்தியின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

“போறேன்.”

ஓரகத்தியின் உதட்டில் சிரிப்பு அப்படியே நின்றது. முகத்தின் மற்ற இடமெல்லாம் வெளிறிப் போனது.

“என்னடி சொன்ன?”

“போறேன்க்கா. இந்த ஊர்ல போனா போனதுதானே?”

“வேணாம்டி. வரேன்னு சொல்லிட்டுப் போடி. உள்ள வா, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுக் கிளம்பு.” அவள் காரில் ஏறிக்கொண்டாள். ஓரகத்தி ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணாடியை மெதுவாக ஏற்றினாள். விரல்களை எடுத்துக்கொள்ள நேரம் கொடுத்துத்தான் ஏற்றினாள்.

“என்ன பேச்சு இது?” என்றான் கணவன்.

“சும்மா தமாஷுக்கு.”

புது வீட்டில் தரையில் உட்கார்ந்து, ஓரகத்தி கொடுத்த சாப்பாட்டை ரசித்துச் சாப்பிட்டாள். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து இவ்வளவு பசித்ததில்லை. போன் அடித்தது, அடிக்கட்டும் என்று விட்டாள். மகள் சாப்பிடவில்லை. அம்மா மென்று விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மகள் தானே ஷூவைப் போட்டுக்கொண்டாள். பையை மாட்டி, வாசல்வரை போய், திரும்பி நின்று, அம்மாவின் கண்ணைப் பார்த்தாள்.

“போறேன்.”

“என்னடி சொன்ன?”

படியிறங்கும் சத்தம்தான் பதிலுக்கு வந்தது.

“வரேன்னு சொல்லிட்டுப் போடி!” கத்தியபோது அது ஓரகத்தியின் குரலாக இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள். கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். தண்ணீர் தளும்பிப் புடவையெல்லாம் நனைந்தது.

மகள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். பிறகு நடையை எட்டிப் போட்டாள்.