தேர், பகுதி இரண்டு

மாணிக்கவாசகம் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். யார் கண்ணிலும் படக்கூடாத ஒரு படத்தை, வீட்டில் எல்லாரும் ஆசையோடு தேடி எடுக்கக்கூடிய பெயரில் ஒளித்து வைத்தான்.

யுத்த நிறுத்தத்தில் பாதை திறந்ததும், பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா தங்கேஸ்வரி வந்திருந்தார், கூடவே நாலைந்து உறவுகள். மாசி மகத் தேருக்கு வரக் கிடைக்கவில்லையே என்று பெரியம்மா மூன்று நாளாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை பின்னேரம் எல்லாரையும் ஹோலில் உட்காரவைத்து, ஸ்டூடியோக்காரர் எடுத்துத் தந்த சீடியைப் போட்டாள் அம்மா சந்திரவதனா. ஐந்து தேரும் முக்கால் மணித்தியாலத்தில் மாத்தளை வீதியைச் சுற்றி வந்து நின்றன. பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அத்தோடு டீவியை நிறுத்தியிருக்கலாம். ஆனால் சீடி அடுக்கிய ராக்கையில் இன்னொரு உறை அம்மாவின் கண்ணில் பட்டது. “தேர் 2003 – பகுதி 2.” பக்கத்தில் பேனையால் கீறிய குட்டித் தேர் வேறு.

“அட, ரெண்டாவது பகுதியும் இருக்கே! எனக்கே தெரியாது பாருங்க.”

வாசு அந்த நேரம் குசினியில் வடையைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான். மாணிக்கவாசகம் என்ற பெரிய பெயரைத் தாங்கும் உடம்பு இல்லாததால் ஊரே அவனுக்கு வைத்த பெயர் வாசு.

திரையில் பனி கொட்டியது. செங்கல் கட்டடங்கள் வந்தன. புத்தகப் பையோடு பையன்கள் நடந்தார்கள்.

“இது எந்த நாட்டுக் கோயில் பிள்ளை?” என்றார் பெரியம்மா.

“கனடாவிலயும் தேர் ஓடுது எண்டு சொன்னவை. அதையும் சேர்த்துப் போட்டிருப்பினம்,” என்றார் கூட வந்த ஒருவர்.

“குளிருக்க எப்பிடித்தான் இழுக்குதுகளோ! சாமி இனித்தான் வரும்.”

சாமிக்காக எல்லாரும் எட்டு நிமிஷம் பொறுமையாக இருந்தார்கள். ஒருவர் கையைப் பாதி கூப்பியே வைத்திருந்தார். தட்டோடு உள்ளே வந்த வாசு திரையைப் பார்த்தான். நூலகம். அந்தக் காட்சி அவனுக்கு மனப்பாடம். படத்தின் நெட்டையன் இன்னும் பத்து விநாடியில் மற்றவனின் கண்ணாடியைக் கழற்றுவான். கழற்றுவது படிப்பதற்கல்ல.

பத்து விநாடியில் ஒரு புத்திசாலி ரிமோட்டைத் தேடியிருப்பான். வாசு பாய்ந்தான். கால் வயரில் மாட்டியது, பிளக் கழன்றது, பிளேயர் ஸ்டாண்டிலிருந்து இறங்கியது, வடைகள் நாலு பக்கமும் உருண்டன. இரண்டு பெரியம்மாவின் மடியிலேயே போய்ச் சேர்ந்தன.

“வயர் சூடாகிட்டுது,” என்றான் தரையில் கிடந்தபடி.

அம்மா குனிந்து முதலில் சீடியை எடுத்தாள், பிறகுதான் மகனைத் தூக்கினாள்.

அந்தப் படம் அவன் கைக்கு வந்தது பாறூக் நானாவின் வீடியோக் கடையிலிருந்து. நானா படங்களை மூன்று பெட்டியில் போட்டிருப்பார்: சண்டை, பேய், காலேஜ். உறையில் இரண்டு பையன்களும் நாலு புத்தகமும் இருந்ததால் இதைக் காலேஜ் பெட்டியில் போட்டுவிட்டார். தானும் காலேஜ்காரன்தானே என்று வாசு எடுத்து வந்தான். அவனுடைய காலேஜ் தகரக் கூரைபோட்ட தொழில்நுட்பக் கல்லூரி, படிப்பு ரேடியோ டீவி திருத்துவது. படத்தில் இருந்த காலேஜில் புல்வெளி, நீச்சல் தடாகம், அழுவதற்கு வசதியான மரத்தடி எல்லாம் இருந்தன. நெட்டையன் கடைசியில் சாப்பாட்டு மண்டபத்தில் எழும்பி நின்று, தான் யார், யாரை விரும்புகிறான் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்வான். எல்லாரும் கைதட்டுவார்கள். வாசுவின் கல்லூரிக் கென்டீனில் ஒருத்தன் அப்படி எழும்பி நின்றால் பிளேன்டீக்குச் சீனி கேட்கிறான் என்றுதான் நினைப்பார்கள்.

ஆனாலும் அந்த இரவு அவனுக்கு நித்திரை வரவில்லை. இருபத்திரண்டு வயது வரைக்கும் தனக்கு மட்டும் வந்த ஏதோ வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்ததை யாரோ செலவழித்துப் படமாகவே எடுத்திருந்தார்கள். அதை வியாதியாகவும் காட்டவில்லை.

கல்லூரிக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி அடித்தான். அடித்த கையோடு நுஹ்மானிடம் கொடுத்தான்.

நுஹ்மான் பல்லேபொலக்காரன். ஒன்றரை வருஷமாக வாசுவோடு ஒரே பெஞ்ச், ஒரே ஈயப்பற்று இரும்பு. வகுப்பு முடிந்தால் வாசு வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் ஐந்து மணி பஸ் எடுப்பான். அவன் சிரித்தால் வாசு பற்றுவைத்த வயர் பத்தில் ஆறு பிழையாகிப்போகும். வாயால் சொல்லத் துணிவில்லாத வாசு, படம் சொல்லட்டும் என்று விட்டுவிட்டான்.

முழுசாக இரண்டு கிழமை, பதினாலு நாள் கழித்து சீடி திரும்பி வந்தது.

“எப்படி?”

“படத்துக்குக் கீழ போற எழுத்தெல்லாம் சின்னன் மச்சான். வாசிக்கக் கண்ணு வலிக்குது.”

மறுநாளும் கேட்டான். “பனி நல்லாக் கொட்டுது, என்ன?” என்றான் நுஹ்மான். மூன்றாம் முறை கேட்டபோது, “உம்மா மாசிக்கருவாடு குடுத்துவிட்டா, ஆன்டிக்கிட்ட குடு,” என்று ஒரு பொட்டலத்தை நீட்டினான். பதில் கிடைக்காத சீடியை வீட்டில் எங்கே வைப்பது? ஒரு தடவை பார்த்த தேரை யார் மறுபடி பார்க்கப்போகிறார்கள் என்று கணக்குப் போட்டான் வாசு. அதன் பலன்தான் பெரியம்மாவின் மடியில் விழுந்த வடை.

அன்றிரவு உறவுகள் படுத்த பிறகு, சத்தத்தைக் குறைத்துப் படத்தின் மிச்சத்தையும் பார்த்து முடித்த அம்மா சீடியை நீட்டினாள். “இது யாருட?”

“நுஹ்மான்ட,” என்றது வாசுவின் வாய். மற்ற உறுப்புகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திங்கட்கிழமை வழக்கம்போல நுஹ்மான் வந்தான். அம்மா கச்சேரி அலுவலகத்திலிருந்து வந்ததும் வராததுமாக, கைப்பையிலிருந்து ஒரு மண்ணிற அரசாங்க உறையை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

“நுஹ்மான் தம்பி, உங்கட சீடி ஒண்டு இங்க கிடந்துச்சு. வாசு சொன்னான்.”

நுஹ்மான் உறையைத் திறந்து பார்த்தான். குட்டித் தேரைப் பார்த்தான். பிறகு வாசுவைப் பார்த்தான். வாசு மேலே சுற்றுகிற ஃபேனை, அதன் இறக்கைகளை எண்ணுகிறவன்போலப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று இறக்கை.

“ஓம் ஆன்டி. என்னுடையதுதான். மன்னிச்சுக்கங்க.”

தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். கோப்பையைப் பீரிசில் சத்தமில்லாமல் வைத்தான். போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை வேறு பெஞ்சில் இருந்தான். சண்டை போட்டிருந்தால் வாசு தாங்கியிருப்பான். நுஹ்மான் சண்டை போடவில்லை. “பாவிச்சு முடிஞ்சா அந்த இரும்பைத் தாங்க,” என்றான். தாங்க! ஒன்றரை வருஷம் ‘டா’ போட்டவன் ‘ங்க’ போட்டான். சூடான இரும்பின் நுனியைப் பிடித்தே கொடுத்துவிட்டான் வாசு. விரல் கொப்பளித்ததில் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

வியாழக்கிழமை பெரியம்மா கோஷ்டி பஸ் ஏறியது. கனடாத் தேரின் மிச்சத்தை அடுத்த முறை கட்டாயம் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டே ஏறினார் பெரியம்மா.

ஞாயிறு காலை. அப்பா வவுனியாவில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். அம்மா அந்தக் கிழமைக்கான சாரிகளை மேசையில் போட்டு அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். வாசு கதவு நிலையில் சாய்ந்தான், நிமிர்ந்தான், மறுபடி சாய்ந்தான்.

“நிலை விழுந்துரும்டா. சொல்ல வந்ததைச் சொல்லு.”

“அந்த சீடி நுஹ்மான்ட இல்லம்மா. என்னோடது.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“இருபத்திரண்டு வருஷமா கச்சேரியில ஊராக்களுட மனு வாசிக்கிறேன். என்ட மகன்ட எழுத்து தெரியாதா எனக்கு? அந்தத் தேர்கூட நீ நாலாம் வகுப்புல கீறின அதே தேர். சில்லு மூணுதான் இருக்கு.”

“அப்ப ஏன் அவன்கிட்ட குடுத்தீங்க?”

அம்மா சாரியின் கரையை இழுத்துவிட்டாள். “நீ எழும்பி, ‘இல்லம்மா, என்னோடது’ன்னு சொல்லுவேன்னு பார்த்தேன். நீ ஃபேனைப் பார்த்தே. அந்தப் பிள்ளை உன்ட பொய்யையும் சேர்த்துத் தூக்கிக்கிட்டுப் போச்சு.”

வாசு நிலையை விட்டு மேசைக்கு அருகே வந்தான்.

“அம்மா, படம் மட்டும் இல்ல. படத்துல இருக்கிறதும் என்னோடதுதான். நானும் அப்படித்தான்.”

அயர்ன் நின்றது. படத்தில் இந்த இடத்தில் தாய் மகனைக் கட்டிப்பிடிப்பாள், பின்னால் வயலின் வாசிக்கும். இங்கே அயர்ன் மட்டும் உஸ்ஸென்றது. சாரி கருகுவதற்குள் அம்மா அயர்னைத் தூக்கி நிமிர்த்தி வைத்தாள்.

“எனக்குக் கொஞ்ச நாள் வேணும்டா,” என்றாள். “அப்பாக்கு இப்ப ஒண்டும் எழுதாத. வரட்டும், பார்ப்போம்.”

“ம்.”

“சாப்பிட்டியா?”

“இல்ல.”

“இடியப்பம் மூடி வச்சிருக்கேன். திண்டுட்டுப் போ. பல்லேபொல பஸ் பத்துக்கு.”

பல்லேபொலவில் இறங்கி வயல் வரம்பால் நடந்தான். நுஹ்மானின் வீட்டு முற்றத்தில் பச்சை மிளகு பாயில் காய்ந்துகொண்டிருந்தது. பின்பக்கத் தோட்டத்தில், மரத்தில் சாத்திய ஏணியில் நின்று நுஹ்மான் கொடியிலிருந்து மிளகு பறித்துக்கொண்டிருந்தான். இடுப்பில் சாக்குப் பை.

“வாங்க,” என்றான் மேலே இருந்தபடியே.

அந்த ‘ங்க’ இன்னும் போகவில்லை.

“அம்மாக்கிட்ட சொல்லிட்டேன். சீடி என்னோடதுன்னு. மற்றதையும் சொல்லிட்டேன்.”

பறித்த கை நின்றது. “என்ன சொன்னாங்க?”

“இடியப்பம் தின்னச் சொன்னாங்க.”

நுஹ்மானுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அதை விழுங்கினான். வாசு ஏணியின் கீழ்ப்படியைப் பிடித்துக்கொண்டான். விழப்போகிறவன் மேலே நின்றவனல்ல.

“உன்னை மாட்டிவிட்டுட்டு ஃபேனைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அது ஈனவேலை. மன்னிச்சுக்க.”

“ஏணியை ஆட்டாதே. விழுந்தா எலும்பு முறிவு வைத்தியருக்கு வஹகோட்டைப் பக்கம் போகணும்.”

“மன்னிச்சிட்டியா?”

“இரும்பை நுனியில பிடிச்சியே, அண்டைக்கே மன்னிச்சிட்டேன். மடையன்.” ஒரு கொத்தைப் பறித்துப் பைக்குள் போட்டான். “மழை வருமா? மேற்கால இருட்டுது.”

“நுஹ்மான், படம் எப்படி இருந்துச்சு?”

“எத்தனை தரம்டா கேப்பே?”

‘டா’ வந்துவிட்டது. வாசுவுக்கு ஏணியே இனித்தது.

“இது நாலாவது.”

“எழுத்துச் சின்னன்னு சொன்னேனே.”

“நுஹ்மான்.”

நுஹ்மான் இறங்கினான். ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல். சாக்குப் பையை அவிழ்த்து மரத்தடியில் வைத்தான். மிளகுக் காரம் ஏறிய கையை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்தான். வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். உள்ளே உம்மா ரேடியோவைத் தட்டித் தட்டி ஸ்டேஷன் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோ திருத்தப் படிக்கிற இருவர் வெளியே நிற்பது அவருக்கு ஞாபகம் இருக்கவில்லை.

“நீ படத்தைப் பத்திக் கேக்கல்ல, என்ன?”

“இல்ல.”

“பிறகென்ன பனியும் எழுத்தும்? நீ சுத்திக் கேட்டா நானும் சுத்தித்தான் சொல்லுவேன். கேக்கிறதை நேராக் கேளு.”

வாசுவுக்கு ஒரு பகிடி நாக்கின் நுனிவரை வந்தது. அதைத் திரும்பிப் போகச் சொன்னான். ஃபேனுக்காக மேலே தேடிய கண்ணையும் கீழே இறக்கினான்.

“எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. அந்தப் படத்துல வர்ற மாதிரி. உனக்கு?”

“எனக்கும்,” என்றான் நுஹ்மான். “நீ அந்தப் படத்தைத் தர்றதுக்கு முந்தியே.”