கல்லூரிப் பொம்மைக்குப் பல் முளைத்த விவரம்

பழங்குடிக் கல்லூரியிலிருந்து ஆர்லெட் டூ லான்ஸ் என்ற மாணவி தன் வீட்டுக்குக் கொண்டுவந்த ரப்பர் பொம்மைக்கு மூன்றாம் நாள் காலையில் கீழ்வரிசையில் ஒரு பல் முளைத்தது. அது மார்ச் மாதம், முட்டை விலை ஏறியிருந்தது. குடும்ப அறிவியல் வகுப்பில் ஆளுக்கொரு பொம்மை கொடுப்பார்கள். பசித்தால் அழும், நனைந்தால் அழும். மாணவி மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டையைக் கண்டால்தான் அடங்கும். எல்லாவற்றையும் வயிற்றுக்குள் ஒரு கருவி குறித்துக்கொள்ளும். ஒரு பிள்ளைக்கு ஒரே தாய் என்பது பாடத்திட்டம் எழுதிய மேதைகளின் கண்டுபிடிப்பு.

ஆர்லெட் பொழுது போகாமல் படிக்க வந்தவள் அல்ல. அக்கா இறந்ததும் அக்கா மகள் ஷைலாவைக் குழந்தை நலத்துறை காரில் ஏற்றி, நூறு மைல் தள்ளி யாரோ ஒருவர் வீட்டில் விட்டிருந்தது. பிள்ளை வளர்க்கத் தெரியும் என்று சான்றிதழ் காட்டினால் திருப்பித் தருவார்களாம். ஆர்லெட் பிறந்த லகோட்டா என்ற அமெரிக்கப் பழங்குடியில் அம்மாவின் அக்கா தங்கைகளும் அம்மாதான். ஒன்றுவிட்டவர்களையும் சேர்த்தால், ஆர்லெட் போக ஷைலாவுக்கு இன்னும் பதினொரு அம்மாக்கள் இருந்தார்கள். அதை எழுத நலத்துறையின் படிவத்தில் கட்டம் இல்லை.

பொம்மை வந்த அன்றிலிருந்து அந்தப் பதினொரு பேரும் அதைக் கீழே விடவில்லை. மூத்தவள் பெர்னிஸ் மாட்டுச் சூப்பு ஊட்டினாள்.

"ரப்பருக்கு எதுக்குக்கா சூப்பு?" என்றாள் ஆர்லெட்.

"அழுதுச்சா இல்லையா? அழுதா அது புள்ளதான். நீ போய்ப் பரீட்சைக்குப் படி."

பட்டை இல்லாமலே எல்லார் கையிலும் பொம்மை அடங்கியது. ஒரு வாரத்தில் நாலு பவுண்டு எடை ஏறியது.

ஆசிரியை மிசஸ் வோல்டன் வெளியூர்க்காரி, மூன்று பட்டம் வாங்கியவள். பொம்மையை எடைபோட்டாள், பல்லைத் தடவிப் பார்த்தாள், அதைப்பற்றி ஒன்றும் கேட்காமல் கருவியின் பதிவைப் படித்தாள்.

"நாப்பத்தோரு மணி நேரம் தாயே இல்லைன்னு இருக்கே."

"இருந்தாங்க மேடம். வரிசையில நின்னு புள்ளையக் கையில வாங்கினாங்க."

ஆசிரியை 'கவனிப்பாரற்ற குழந்தை' என்று எழுதி ஆர்லெட்டுக்குத் தேர்ச்சியில்லை என்று போட்டாள். விதிப்படி நலத்துறைக்கும் ஒரு நகல் போனது. பல் முளைத்த பொருளைக் கல்லூரி திரும்ப எடுக்காது என்று பொம்மையை அவளிடமே கொடுத்துவிட்டாள். ஷைலா இனிக் கிடைக்கமாட்டாள் என்று ஆர்லெட் வழியெல்லாம் வாய்விட்டு அழுதாள்.

வியாழக்கிழமை நலத்துறையின் அதே கார் வந்து பொம்மையை ஏற்றிக்கொண்டு போனது. அந்தக் குடும்பத்தின் பேரில் நலத்துறையிடம் இருந்தது ஒரு கோப்பு, ஒரு கட்டில். பொம்மைக்கு இடம் வேண்டுமே என்று மறுநாளே ஷைலாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்தப் பிள்ளை என்று அந்த அலுவலகம் என்றைக்குமே உற்றுப் பார்த்ததில்லை.

"அதான் ஷைலா வந்துட்டாளே, பொம்மைய விட்டுத் தொலைங்களேன்," என்றார்கள் அக்கம்பக்கத்தார்.

"ஒருத்திய விட்டுட்டு ஒருத்திய வச்சுக்கிறதுக்கு நாங்க என்ன ஆபீஸா நடத்துறோம்?" என்றாள் பெர்னிஸ்.

இரண்டு வாரத்துக்கொரு சனிக்கிழமை ஒரு மணி நேரம் பொம்மையைப் பார்க்கலாம் என்று கடிதம் வந்தது. மூன்று வண்டிகளில் நலத்துறை அலுவலகத்துக்குப் போனார்கள். வந்த நாளிலிருந்து பொம்மை அழவே இல்லை, தங்கமான பிள்ளை என்று குமாஸ்தா மெச்சினான். இவர்களைக் கண்டதும் அது உதட்டைப் பிதுக்கி வீறிட்டது. பதினொரு கை மாறி அடங்குவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. கிளம்பும்போது ஷைலா அதன் காதில், தான் முன்பு இருந்த அந்த வீட்டில் எந்தக் கதவு சரியாகப் பூட்டாது என்று சொன்னாள்.

பதினாறு நாள் கழித்துப் பொம்மை நடந்தே வந்து சேர்ந்தது. கால் முழுக்கச் சேறாக இருந்ததால் ஆர்லெட் அதை வாசலிலேயே நிறுத்திக் கழுவிவிட்டாள்.